சளியின் கெட்டியை அளந்தால் நுரையீரல் நோய் தெரியுமா?

கேள்வி: செந்தூலில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, லாரி ஓட்டியவர். சிகரெட்டை விட்டுவிட்டார். ஆனாலும் இரண்டு வருடமாகக் காலையில் கெட்டிச் சளியோடு இருமுகிறார். சளி எவ்வளவு கெட்டி என்று அளந்தே நோயைச் சொல்லிவிடலாமாமே? கோலாலம்பூரில் எங்கே செய்கிறார்கள்?

பதில்: சளியின் கெட்டியை அளக்க முடியும் என்பது உண்மைதான், ஆனால் அதை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. அப்பாவுக்கு இப்போது வேண்டியதும் அதுவல்ல.

ஆரோக்கியமான மூச்சுக்குழாயில் சளி பெரும்பாலும் தண்ணீர்தான். நூற்றுக்குச் சுமார் 2 பங்குதான் மியூசின் புரதமும் உப்பும் மற்றவையும். குழாயின் உள்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். வருடக்கணக்கில் சிகரெட் புகை பட்டால் மியூசின் கூடிச் சளி இறுகும். இழைகளால் தள்ள முடியாது. அப்புறம் இருமித்தான் வெளியேற்ற வேண்டும்.

இந்த இறுக்கத்தை ரியோமீட்டர் என்ற கருவியில் அளக்கிறார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் சளியை வைத்து, ஒரு தட்டை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்புவார்கள். சளி எவ்வளவு இளகி ஓடுகிறது, எவ்வளவு ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்புகிறது என்று இரண்டும் எண்ணாகக் கிடைக்கும். சளியை இளக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று ஆராய்ச்சியில் பார்க்க இது அருமையான வழி. ஆனால் எச்சில் கலந்தாலோ, எடுத்து வெகுநேரம் வைத்திருந்தாலோ எண் மாறிவிடும். சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபட்டே இருக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்), ஆஸ்துமா, மூச்சுக்குழாய் விரிவு எதிலும் சளி கெட்டியாகலாம் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சாதாரணமாகக் கிளினிக்குகளில் இதைச் செய்வதில்லை.

சரி, அப்பாவை அருகில் உள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி, காசநோய்க்கான சளிப் பரிசோதனை மூன்றையும் கேளுங்கள். ஸ்பைரோமெட்ரி என்பது குழாயில் பலமாக ஊதும் பரிசோதனை. மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். காசநோயைத் தள்ளிப்போடவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே பார்த்துவிட வேண்டும், அப்பாவுக்கோ இரண்டு வருடம்.

சளி கொடுக்கும் நாளில் காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். காற்றோட்டமான இடத்தில், மற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல், மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். நுரை நுரையாக எச்சில் வந்தால் பயனில்லை. உடனே டப்பாவை இறுக மூடிவிடுங்கள்.

சளி பச்சையாக இருக்கிறதே என்று மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுக்காதீர்கள். ரத்தம் வந்தாலோ, படியேறும்போது முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்கினாலோ, உடம்பு இளைத்தாலோ, அப்பாயின்ட்மென்ட் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.