வரிசைகளை நெடுவரிசைகளாக்க பிவட் வேண்டியதில்லை, கேஸ் போதும்

விற்பனை அட்டவணையில் பில் எண், கிளை, ஆண்டு, மாதம், தொகை என்று ஒவ்வொரு பில்லும் ஒரு வரிசையாக இருக்கிறது. கிளைக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு நெடுவரிசை என்று அறிக்கை வேண்டும், அதற்கு எஸ்க்யூஎல் வினவல் மொழியில் வரிசைகளை நெடுவரிசைகளாகத் திருப்பும் பிவட்டைப் (PIVOT) பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன்படுத்தலாம். ஆனால் நான், நிபந்தனை பொருந்தினால் ஒரு மதிப்பைத் தரும் கேஸைத்தான் (CASE) சொல்வேன். எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்து பிவட் உண்டு, ஆரக்கிளில் 11ஜி-யிலிருந்து உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் கிடையாது. கேஸ் இந்தத் தரவுத்தளங்கள் எல்லாவற்றிலும் ஓடும். கிளைவாரியாக குரூப் பை போட்டு, மாதத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்:

சம்(கேஸ் வென் மாதம் = 1 தென் தொகை எண்ட்) ஆஸ் ஜனவரி

ஆண்டை வேர் நிபந்தனையில் கட்டாயம் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் எல்லா ஆண்டுகளின் ஜனவரியும் ஒன்றாகக் கூடிவிடும்.

நிபந்தனை பொருந்தாத வரிசைகளுக்குச் சுழியம் தரும் எல்ஸ் 0-வை (ELSE 0) மேலே போடாததைக் கவனியுங்கள். அதைப் போட்டாலும் கூட்டுத்தொகைக்குக் கெடுதல் இல்லை. சராசரி கேட்கும்போதுதான் ஆபத்து. ஒரு கிளைக்கு ஆண்டு முழுவதும் 12 பில்கள், அவற்றில் ஜனவரியில் 2, அவற்றின் தொகை 600 ரூபாய் என்றால் ஜனவரிச் சராசரி 300. எல்ஸ் 0 இருந்தால் மற்ற 10 பில்களும் சுழியமாக உள்ளே வந்து, சராசரி 50 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கவுன்ட்டிலும் இதே கதைதான்: சுழியமும் ஒரு மதிப்பு என்பதால் 2-க்குப் பதில் 12 வரும்.

எஸ்க்யூஎல் சர்வரின் பிவட்டில் நீங்கள் குறிப்பிடாத நெடுவரிசைகள் அனைத்தும் தாமாகவே தொகுப்பில் சேர்ந்துகொள்ளும். பில் எண் அப்படி நுழைந்தால் பில்லுக்கு ஒரு வரிசையாகவே விடை வரும். கிளை, மாதம், தொகை மூன்றை மட்டும் உள்வினவலில் எடுத்துக் கொடுத்தால் சரியாகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதே வேலையைச் செய்யும் கிராஸ்டேப், ஒரே வினவலைக் கொடுத்தால், மதிப்புகளை இடமிருந்து நிரப்பிக்கொண்டே போகும்; பிப்ரவரியில் விற்பனை இல்லாத கிளைக்கு மார்ச் தொகை பிப்ரவரியில் போய் உட்காரும். மாதப் பட்டியலை இரண்டாவது வினவலாகக் கொடுத்தே தீர வேண்டும்.

மாதங்கள் 12 என்பதால் உங்களுக்குக் கவலையில்லை. பொருள்களின் பெயர்கள் நெடுவரிசையாக வேண்டுமானால், வினவல் ஓடும் முன்பே பட்டியல் தெரிந்தாக வேண்டும். வினவலையே சரமாகக் கட்டி ஓட்ட நேரும். அந்த நிலையில் நான் வரிசைகளாகவே எடுத்து, எக்செலின் பிவட் டேபிளில் திருப்பிக்கொள்வேன்.