புகைப்படம் காட்டாத கூரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. நகரம் அமைக்கும் கணினி விளையாட்டுகளில், முக்கியமாக ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ விளையாட்டில், பல ஆண்டுகளாக ஈடுபாடு உண்டு. கடந்த ஓராண்டாக அதற்குக் காலனியக் காலப் பாணியில் கட்டடங்களை நானே செய்துவருகிறேன். முழுதாக ஒரு பழைய துறைமுக நகரத்தை எழுப்ப வேண்டும் என்பது என் ஆசை. ஆளுநர் மாளிகை, தேவாலயம், சுங்க அலுவலகம், நீதிமன்றம், வங்கி, மணிக்கூண்டு என்று ஆறு முடிந்துவிட்டன. பழைய புகைப்படங்களையும் அஞ்சல் அட்டைகளையும் பார்த்து, ஒரு வளைவுகூட விடாமல் செய்திருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கின்றன. நகரத்துக்குள் வைத்ததும் பொம்மைகளாகிவிடுகின்றன. எங்கே தவறுகிறேன்?

இன்னொன்று. அடிமைப்படுத்தியவர்களின் மாளிகைகளை ஏன் இவ்வளவு ஆசையாகச் செய்கிறாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோப்புகளை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் ஆறு கட்டடங்களையும் என் கணினியில் ஏற்றி, ஓர் ஆற்று முகத்துவாரத்தின் ஓரமாகச் சாலை போட்டு வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆளுநர் மாளிகையின் முகப்புக்கு நீங்கள் எத்தனை இரவுகள் கொடுத்திருப்பீர்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. தூண் மேலே போகப்போக மெலிவதைக்கூட விட்டுவிடவில்லை. கேமராவைத் தெருமட்டத்துக்கு இறக்கி அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். பிறகு, வழக்கமாக விளையாடும் உயரத்துக்குத் தூக்கினேன். தூண்கள் காணாமல் போயின. திரையில் மிஞ்சியது ஒரே சிவப்பில் ஒரு செவ்வகம். சற்றுத் திருப்பினால், பின்பக்கம் ஜன்னல்கூட இல்லாத வெள்ளைச் சுவர்.

உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே இருக்கிறது. அந்த அஞ்சல் அட்டைகளை எடுத்தவர் தெருவில் முக்காலியை ஊன்றி, முகப்புக்கு நேர் எதிரே நின்றவர். அவர் கண்ணுக்குத் தெரிந்தது உங்களுக்கும் கிடைத்தது. தெரியாதது கிடைக்கவில்லை. நகரம் அமைக்கிறவரோ வானத்தில் நின்று பார்க்கிறார். அவருக்குக் கட்டடத்தின் முகம் கூரைதான். கேமரா இன்னும் விலகினால் விளையாட்டு உங்கள் மாடலை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மிகச் சிறிய எளிய மாடலை வைத்துவிடுகிறது. அதில் கூரையின் நிறமும் வெளிவடிவமும் தவிர வேறெதுவும் தங்காது. எனவே, கூரையிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் தேவாலயத்துக்கு 1750 என்று ஆண்டு குறித்திருக்கிறீர்கள். அதன்மேல் போட்டிருப்பது மங்களூர் ஓடு. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்தத் தட்டை ஓட்டுக்குப் பிரான்சின் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்றது 1841இல். சுவிட்சர்லாந்தின் கிறித்தவ மதப்பணி அமைப்பான பாசல் மிஷன் மங்களூரில் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உங்கள் தேவாலயம் அதைச் சூடியிருக்கிறது. 1750 என்றால் கையால் வனைந்த, பாதிக் குழாய் போன்ற நாட்டு ஓடு போடுங்கள். அந்த ஓட்டின் வரிசைகள் நேராக ஓடுவதில்லை. சூளையில் வெந்ததற்கு ஏற்ப ஒன்று கருஞ்சிவப்பாக இருக்கும், பக்கத்தில் இருப்பது வெளிர்மஞ்சளாக இருக்கும். முகட்டில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் அந்த வெள்ளைக்கோடுதான் முதலில் கண்ணில் படும். ஒரு கூரையில் இரண்டு மூன்று இடங்களில் புது ஓடு மாற்றிய திட்டுகளையும் வையுங்கள். துத்தநாகம் பூசிய நெளிதகரத்தையும் சுங்க அலுவலகத்தை ஒட்டிய கிடங்குகளுக்கு எல்லாக் காலத்திலும் போட்டிருக்கிறீர்கள். நெளிதகரத்துக்கு லண்டனில் காப்புரிமை பெற்றதே 1829இல்தான்.

எல்லாவற்றுக்கும் ஓடு வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் காலனியக் காலக் கட்டடங்கள் பலவற்றின் தலையில் இருப்பது மட்டப்பா, அதாவது சரிவில்லாத தட்டைக் கூரை. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். வானத்திலிருந்து பார்த்தால் மங்கிய செந்தளம், சுற்றிலும் கைப்பிடிச் சுவர், அந்தச் சுவரின் உச்சியில் மழையால் கறுத்த விளிம்பு, மூலைகளில் நீர்த்தூம்பு. உங்கள் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு தளத்தைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கறுத்த விளிம்பு ஒன்றே கட்டடத்துக்கு ஐம்பது மழைக்காலங்களின் வயதைக் கொடுத்துவிடும்.

அடுத்தது ஜன்னல். உங்கள் ஜன்னல்கள் எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டிய படங்கள். மாடலின் பரப்பை உருவாக்கும் முக்கோணங்களைச் சிக்கனப்படுத்த அப்படிச் செய்திருப்பீர்கள். ஆனால் இந்தக் கட்டடங்களின் உயிரே சுவரின் கனம்தான். இரண்டடிச் சுவரில் ஜன்னல் வெளிவிளிம்பில் நிற்பதில்லை. ஒரு முழமாவது உள்ளே தள்ளி நிற்கும். மேல்விளிம்பின் நிழல் ஜன்னலின் மேல்பாதியில் விழும். வெயில் சாயச்சாய அந்த நிழலும் நகரும். இதைப் படமாக வரைந்து ஒட்டினால் நிழல் நகராது, கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஒரு குழிவுக்கு நான்கு பக்கச் சுவர்கள், அதாவது எட்டு முக்கோணங்கள். நாற்பது ஜன்னல்களுக்கு 320. சுவரை வெட்டுவதால் வருவது தனி. வங்கிக் கட்டடத்தின் மேலே நீங்கள் வைத்திருக்கும் ஒரே ஒரு கல் பூச்சாடிக்கு அதைவிட அதிக முக்கோணங்கள் போயிருக்கின்றன. பூச்சாடியை எளிமையாக்கிவிட்டு ஜன்னல்களைக் குழியுங்கள். கண்ணாடியையும் குறையுங்கள், வெப்ப நாடுகளில் ஜன்னலை நிறைத்தது பெரும்பாலும் சாய்ந்த பலகைகளை அடுக்கிய மரக்கதவு. அவற்றில் சில திறந்திருக்க வேண்டும், சில பாதி மூடியிருக்க வேண்டும். இரவு வெளிச்சத்துக்கும் ஒரு சொல்: எல்லா ஜன்னல்களும் வெள்ளையாக எரிந்தால் அது இன்றைய அலுவலகம். எண்ணெய் விளக்கின் மஞ்சள் நான்கைந்து ஜன்னல்களில் தெரிந்தால் போதும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் வருத்திய பட்டியலுக்கு வருகிறேன். மாளிகை, தேவாலயம், சுங்கம், நீதிமன்றம், வங்கி, மணிக்கூண்டு. ஆறும் அதிகாரத்தின் கட்டடங்கள். சாதாரண மனிதர் தூங்கி எழும் வீடு ஒன்றுகூட இல்லை. நகரம் பொம்மையாகத் தெரிவதற்குக் கூரைக்கு அடுத்த காரணம் இதுதான். நூறு எளிய கட்டடங்களுக்கு நடுவே நிற்கும்போதுதான் ஆளுநர் மாளிகை பெரிதாகத் தெரியும். நூறையும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. நான்கு மாடல்களைச் செய்து ஒவ்வொன்றுக்கும் மூன்று சுண்ணாம்பு நிறங்கள் கொடுத்தாலே தெரு நிறைந்துவிடும்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது கடைவீடு என்பேன். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா வீதிகளின் கீழே கடையும் மேலே வீடுமான அந்தக் கட்டடம். 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுக்கச் சொன்ன ஆங்கிலேய ஆட்சியாளர் ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் குறிப்பிட்ட அகலத்துக்குக் கூரையிட்ட நடை இருக்க வேண்டும், தெருவின் இருபுறமும் அது இடையறாமல் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். அதுவே ஐந்தடிப் பாதை. மலாயில் ‘காக்கி லிமா’. மழையிலும் வெயிலிலும் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிழலிலேயே நடந்துவிடலாம். ஆட்சியாளரின் ஆணை, சீனக் கொத்தரின் கை, வெப்பமண்டலத்தின் மழை மூன்றும் ஒரே தாழ்வாரத்தில் கூடியிருக்கின்றன. காலனியப் பாணி என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது இத்தகைய கூட்டைத்தான். வெளியிலிருந்து வந்த வரைபடம் உள்ளூரின் வெயிலுக்கும் மரத்துக்கும் கைகளுக்கும் வளைந்துகொடுத்த விதம் ஒவ்வொரு ஊரிலும் வேறு. எந்த அரசு, எந்த ஊர், எந்தப் பத்தாண்டு என்று முடிவுசெய்யாமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.

கடைவீட்டில் உங்களுக்கு ஒரு கணக்குச் சிக்கல் வரும். விளையாட்டில் மனையை அளக்கும் ஒரு கட்டம் எட்டு மீட்டர். கடைவீட்டின் முகப்பு ஐந்து, ஐந்தரை மீட்டர்தான் இருக்கும். குறுக்கே போடும் மர உத்தரத்தின் நீளமே அந்த அகலத்தைக் கட்டுப்படுத்தியது. ஒரு கட்டத்துக்கு ஒரு வீடு என்று இழுத்துப் பிடித்தால் வீடு அகன்று, அதன் ஒடுங்கிய அழகு போய்விடும். நிறையப் பேர் செய்யும் தவறு இது. இரண்டு கட்டங்களுக்கு மூன்று வீடுகள் என்று ஒரே மாடலாகச் செய்யுங்கள். பதினாறு மீட்டரை மூன்றால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 5.33 மீட்டர் வருகிறது. பக்கச் சுவர்கள் மனையின் எல்லைவரை போகட்டும். அடுத்த மாடல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஐந்தடிப் பாதையின் ஆழத்தையும் தரை உயரத்தையும் எல்லா மாடல்களிலும் ஒன்றாக வையுங்கள். மில்லிமீட்டர் பிசகினாலும் பாதை அறுந்துவிடும். பின்னால் நீண்டு போகும் வீட்டின் நடுவே முற்றத்துக்கு ஒரு திறப்பு விடுங்கள். வானத்திலிருந்து பார்க்கும்போது சிவப்புக் கூரை வரிசையில் அந்தக் கரிய சதுரங்கள் தாளம் போட்டதுபோல விழும். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த காட்சி அது.

நகரத்தின் நடுவில் சதுக்கம் வைப்பதாக இருந்தால், ஸ்பானிய முறையைப் பார்க்கலாம். இரண்டாம் பிலிப் மன்னர் 1573இல் வெளியிட்ட சட்டங்கள், அமெரிக்கக் குடியேற்ற நகரங்களை எப்படி அமைப்பது என்பதை அளவோடு சொல்கின்றன. சதுக்கத்தின் நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 600 அடி நீளமும் 400 அடி அகலமும் நல்ல அளவு. அன்றைய ஸ்பானிய அடியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 21க்கு 14 கட்டங்கள் வரும். சுற்றிலும் வணிகர்களுக்காக வளைவுத் தாழ்வாரங்கள். தெருக்களில் காற்று நேராகப் புகுந்து வீசாமலிருக்கச் சதுக்கத்தின் மூலைகள் நான்கு திசைகளையும் நோக்க வேண்டும். குளிரூரில் தெருக்கள் அகலமாகவும் வெப்ப ஊரில் குறுகலாகவும் இருக்க வேண்டும். கடலோர ஊரில் தேவாலயம் கடலிலிருந்து தெரிய வேண்டும். உங்கள் துறைமுகத்தில் தேவாலயம் கிடங்குகளுக்குப் பின்னால் மறைந்துகிடக்கிறது.

இனி, நண்பரின் கேள்வி. அது நியாயமான கேள்வி. மாளிகைகளைச் செய்வதில் தவறில்லை. அவற்றைக் கட்டியதும் சுண்ணாம்பு அரைத்ததும் உள்ளூர்க் கைகள்தான். மாளிகைகளை மட்டும் செய்தால், அஞ்சல் அட்டை சொன்ன பொய்யை நீங்களும் சொல்கிறீர்கள். சென்னையில் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், அதன் வடக்கே, இந்தியர் வாழ்ந்த பகுதியை அவர்கள் அழைத்த பெயரில், கறுப்பர் நகரம். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்தார்கள். 1758–59இல் மீண்டும் முற்றுகையிட்டார்கள். கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவாகும் என்று, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழைய கறுப்பர் நகரம் இடித்து வெளியாக்கப்பட்டது. மனிதர்கள் வாழ்ந்த தெருக்கள் பீரங்கிக்கு வேண்டிய வெற்றுவெளியாயின. 1892இல் உயர்நீதிமன்றம் எழுந்தது அந்த நிலத்தில்தான். கோட்டைக்கு முன்னால் ஒரு புல்வெளியை மட்டும் விடுவது விளையாட்டில் எளிது. அந்தப் புல்லுக்கடியில் ஒன்றிரண்டு அடித்தளக் கற்களைப் பாதி புதைத்து வையுங்கள். உங்கள் நண்பருக்கு அதைக் காட்டுங்கள்.

புதுச்சேரியும் உங்களுக்கு உதவும். அந்தக் கட்டத் தெருக்களுக்குக் கோடு போட்டவர்கள் 1693 முதல் 1699வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படம் எடுக்கும் வீடுகள் அதற்குப் பிறகு எழுந்தவை. கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகள்: தெருவை ஒட்டி உயர்ந்த மதில், பெரிய வாயில், உள்ளே தோட்டம். மேற்கே தமிழ் வீடுகள்: தெருவைப் பார்த்துத் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண் தாழ்வாரம். ஒரு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது. மற்றது வழிப்போக்கரை உட்காரச் சொல்கிறது. சில தமிழ் வீடுகளில் கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாக இருக்க, மாடி பிரெஞ்சு வளைவு ஜன்னல்களோடு இருக்கும். கீழே ஒரு மொழி, மேலே ஒரு மொழி. எந்தக் காலனிய நகரத்திலும் உங்களுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. அதைச் செய்யும்போது கால்வாயை மறந்துவிடாதீர்கள். இரு பக்கமும் இல்லாமல் அந்த ஊர் இல்லை.

மாளிகைக்கும் பின்கட்டு வேண்டும். சமையற்கட்டு தனியாக, புகைபடிந்த சுவரோடு, மூடிய நடையால் இணைந்து நிற்கும். குதிரைலாயம், கிணறு, பணியாளர் குடியிருப்பின் தாழ்ந்த கூரை வரிசை ஆகியவற்றை அந்த வெள்ளைச் சுவருக்குப் பின்னால் வையுங்கள். முகப்புக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவற்றுக்குக் கொடுங்கள்.

கடைவீடு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். இந்த முறை முகப்பின் படம் வேண்டாம். மேலிருந்து ஒன்று, பின்பக்கமிருந்து ஒன்று. காத்திருக்கிறேன்.

அன்புடன்.