வெட்சூட் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: அலைச்சறுக்கு கற்கத் தொடங்கியிருக்கிறேன். தண்ணீர் 16 டிகிரி செல்சியஸ் இருக்கும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (தண்ணீரில் குளிராமலிருக்க உடம்போடு ஒட்டப் போடும் ரப்பர் உடை) எடுத்தால் குளிரே தெரியாது என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குளிருக்கு 3/2 போதும். முதல் எண் மார்பு, முதுகுப் பகுதியின் தடிமன், மில்லிமீட்டரில். அடுத்தது கை, காலுக்கு. 5 மில்லிமீட்டரைப் போட்டுக்கொண்டு பலகையில் படுத்துத் துழாவினால், ஒவ்வொரு வீச்சிலும் ரப்பரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தோள் சீக்கிரம் ஓய்ந்துவிடும். சட்டென்று குளிர் ஏறும் உடம்பு என்றால் 4/3 எடுங்கள். 5/4 எல்லாம் 10 டிகிரிக்குக் கீழே போகும்போதுதான், அதுவும் தலையுறை, கையுறை, பூட்ஸோடு.

தையலையும் பாருங்கள். உள்ளும் புறமும் நூல் தெரியும் தட்டைத் தையலில் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் கசியும். வெதுவெதுப்பான தண்ணீருக்கு அது பரவாயில்லை. உங்களுக்குப் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் தைத்ததுதான் சரி.

கேள்வி: கடையில் போட்டுப் பார்த்தால் ரொம்ப இறுக்குகிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெட்சூட்டில் பலரும் தவறுவது இங்கேதான். குளிரைத் தடுப்பது நியோபிரீனுக்குள், அதாவது சூட்டின் ரப்பருக்குள், அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள். உள்ளே புகும் கொஞ்சத் தண்ணீர் அங்கேயே நின்றால் உடல்சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். சூட் தொளதொளவென்று இருந்தால் அந்தத் தண்ணீர் வெளியேறி, ஒவ்வொரு அசைவுக்கும் புதுக் குளிர்நீர் உள்ளே வரும். அப்புறம் எத்தனை மில்லிமீட்டர் இருந்தும் பயனில்லை.

உலர்ந்த சூட் இறுக்கமாகத்தான் இருக்கும். நனைந்ததும் சற்று இளகும். ஆனால் ஆழமாக மூச்சிழுக்க முடியாவிட்டாலோ, கழுத்தை நெரித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ அது உங்கள் அளவல்ல. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குந்தி எழுந்திருங்கள். இடுப்புக்கு மேல் முதுகுக் குழியிலும் அக்குளிலும் காற்றுப் பை போல உப்பக் கூடாது. கவட்டியில் இடைவெளி தொங்கக் கூடாது. சில சமயம் சைஸைவிட, துணியை வெட்டித் தைத்த வடிவம்தான் பொருந்தாமல் இருக்கும். அப்போது வேறு நிறுவனத்தின் சூட்டைப் போட்டுப் பாருங்கள்.

போடும்போது காலில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் பிடித்து இழுத்தால் ரப்பர் பிறை வடிவில் கிழியும். விரல் நுனிச் சதையால் மடித்துப் பிடித்து, கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றுங்கள்.

கேள்வி: மேலே நீந்தும்போது குளிராத அதே சூட், 20 மீட்டர் ஆழத்தில் டைவ் செய்யும்போது குளிர்கிறதே?

பதில்: 10 மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்கு, 20இல் மூன்று மடங்கு. குமிழ்கள் நசுங்கி நியோபிரீன் மெல்லியதாகிவிடும். வெப்பக் காப்பு குறையும், மிதப்பும் குறையும். கீழே போகப் போகத் தண்ணீரும் பெரும்பாலும் குளிரும். அதனால் டைவிங் சூட்டை மேல்மட்ட வெப்பநிலையைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் இறங்கும் ஆழத்தில் உள்ள குளிரைக் கேட்டு வாங்குங்கள். சூட் மாறினால், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டியின் எடையும் மாறும். முதல் டைவுக்கு முன் மிதப்பைச் சோதித்துவிடுங்கள்.