கன்னிமாரா: ஒரே பெயர், பல முகவரிகள் (கேள்வி பதில்)

எழும்பூர் நூலகத்தின் பெயரைப் பற்றி யாரோ கேட்கப் போய், கேள்விகள் வரிசை கட்டிவிட்டன. பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டுவிடுகிறேன்.

சார், எங்க ஊர்ல ஏழு கன்னிமார் கோயில் இருக்கு. எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிற இடத்துலயும் அப்படி ஒரு கோயில் இருந்துச்சா?

இல்லைங்க. நம் காது செய்த வேலை இது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில் ஒரு நிலப்பகுதிக்குப் பெயர் கொனமாரா. நம் வாய்க்கு வந்ததும் முதல் எழுத்து 'க' ஆகி, கன்னிமார் சாமிகள் உள்ளே புகுந்துகொண்டார்கள்.

மூலப் பெயரும் அழகுதான். கொன்மாக் என்ற முன்னோரின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு குலம் பல கிளையாகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் குடியேறியது. கடலோரம் போனவர்களுக்கு 'கடல் கொன்மாக்கினர்' என்று பெயர். 'முயிர்' என்றால் ஐரிஷ் மொழியில் கடல். வேற்றுமை ஏற்கும்போது அது 'மாரா' ஆகும். நம் மரம் 'மரத்தை' ஆவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்க இலக்கியம் படித்தவர்கள் 'நெய்தல் குடி' என்றே சொல்லிவிடலாம்.

அப்போ நூலகத்துக்குப் பெயர் தந்த கன்னிமாரா பிரபு அந்த ஊர்க்காரரா?

அதுதான் வேடிக்கை. அவர் பெயர் ராபர்ட் பூர்க். 1827இல் பிறந்தவர், குடும்பம் இருந்தது நாட்டின் கிழக்குப் பக்கம், மீத் மாவட்டத்தில். 1886இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். இங்கே பதவியில் இருக்கும்போதே, 1887இல், 'கன்னிமாரா பிரபு' பட்டம் கிடைத்தது. அதாவது கப்பலில் வந்து இறங்கியவர் வெறும் பூர்க்; கன்னிமாரா ஆனது சென்னையில் இருந்தபோது!

இவர் அண்ணனை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள்: மேயோ பிரபு. 1872இல் அந்தமானில் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதியின் கத்திக்குப் பலியான வைஸ்ராய். மேயோவும் ஓர் அயர்லாந்து மாவட்டம்தான், கால்வேக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருப்பது. தம்பிக்குப் பிள்ளைகள் இல்லாததால், 1902இல் அவர் இறந்ததோடு கன்னிமாரா பட்டமும் முடிந்துபோனது. இன்று அந்தப் பட்டத்தைச் சுமக்கும் மனிதர் யாரும் இல்லை, நம் கட்டடங்கள்தான் சுமக்கின்றன.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் ஐயா. நூலகம் 1890ஆ, 1896ஆ? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.

இரண்டும் சரி தம்பி. 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார் கன்னிமாரா. அந்த ஆண்டு முடிவதற்குள் ஊருக்குப் போய்விட்டார். 1896 டிசம்பர் 5 அன்று திறந்தார்கள். அப்போது ஆளுநர் வேறொருவர். 'தொடக்கம்' என்று கேட்டால் 1896 எழுதுங்கள்.

வரைந்தவர் ஹென்றி இர்வின், அவரும் அயர்லாந்துக்காரர். மைசூர் அரண்மனையும் அவர் கைவேலைதான். எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பழைய கட்டடத்துக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால் புத்தகத்தை விட்டுவிட்டு ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். வளைந்த கூரையில் பூவும் இலையுமாகச் செதுக்கல், நடுவே வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சம். 1954 சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இங்கே வந்தாக வேண்டும். இதுவும் கேள்வியாக வரும், குறித்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் மனைவி கோபித்துக்கொண்டு கன்னிமாரா ஹோட்டலில் போய்த் தங்கினாராமே?

ஹோட்டலுக்கும் அதே பிரபுவின் பெயர்தான். மனைவி சூசன், டல்ஹௌசி பிரபுவின் மகள். 1890இல் விவாகரத்து ஆனது ஆவணத்தில் இருக்கிறது. மீதி சென்னைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி ரசிக்கும் கதை.

பரம்பிக்குளத்தில் 'கன்னிமாரா தேக்கு' பார்த்தேன். அதற்கும் பிரபு பெயரா?

இதில் மட்டும் பிரபுவை விட்டுவிடுங்கள். அது அசல் நம் சொல்: கன்னி மரம். வெட்டப் போனபோது ரத்தம் கசிந்தது என்று அங்குள்ள பழங்குடி மக்கள் சொல்கிறார்கள். சுற்றளவே ஏறத்தாழ 7 மீட்டர், நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். நூலகத்தில் வெள்ளைக்காரப் பெயருக்குக் கன்னி வேடம். இங்கே கன்னிக்கு வெள்ளைக்கார வேடம்.

கன்னிமாரா விஸ்கி அந்த ஊர்ச் சரக்கா அண்ணே?

பெயர் மட்டும்தான். அந்தச் சரக்கை உருவாக்கிய 'கூலி' (Cooley) என்ற வடிசாலை நாட்டின் மறுகோடியில், லவுத் மாவட்டத்தில் இருக்கிறது. புகைவாசனை மட்டும் கொனமாராவை நினைவூட்டும். அங்கே சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் (மட்கிய தாவர மண்) கட்டிகளைத்தான் அடுப்பில் போடுவார்கள். ஊர் பெயருக்கு உண்மையாக இருப்பவை குட்டைக் குதிரையும் பச்சைப் பளிங்கும். குதிரை இனத்தைக் காக்க 1923இலேயே சங்கம் வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு கன்னிமாரா உண்டு என்று படித்தேன்.

வட கரோலினாவில், ஃபிளாட் ராக் என்ற ஊரில். பண்ணைவீடு, முன்பு வேறு பெயர், அயர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த ஸ்மித் என்ற மில் முதலாளி இப்பெயரை வைத்தார். 1945இல் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் வாங்கினார். அவர் மாடியில் எழுத, மனைவி கீழே வெள்ளாடு வளர்த்தார். அந்த ஆடுகளின் வழிவந்தவை இன்றும் அங்கே உண்டு.

அட்லாண்டிக்கை எங்கும் நிற்காமல் முதலில் தாண்டிய விமானம் இறங்கியதும் அயர்லாந்துக் கொனமாராவில்தானா?

இறங்கியது என்று சொல்வதைவிடச் செருகியது எனலாம்! 1919 ஜூன் 15. ஆல்காக், பிரவுன் இருவரும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து எங்கும் நிற்காமல் 16 மணி நேரம் பறந்து வந்தார்கள். கிளிஃப்டன் ஊருக்கு அருகே மேலிருந்து பார்த்தபோது பச்சைப் பசேலென்று புல்வெளி. சக்கரம் பட்ட பிறகுதான் தெரிந்தது, சதுப்பு. மூக்கு மண்ணில் குத்தி, வால் வானத்தைப் பார்த்து நின்றது விமானம். இருவருக்கும் பெரிய காயம் இல்லை.

அடுத்த வருடம் அயர்லாந்து போகிறோம் அண்ணா, பிள்ளை அங்கே வேலையில் இருக்கிறான். கொனமாரா எங்கே ஆரம்பிக்கிறது?

எல்லைக்கல் தேடாதீர்கள், அது அரசு வகுத்த மாவட்டமோ வட்டமோ அல்ல, நம் கொங்கு நாடு மாதிரி. கால்வே நகரைவிட்டு, கோரிப் ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே போங்கள். வழியில் ஊர்ப் பலகைகளில் ஆங்கிலம் காணாமல் போகும். ஐரிஷ் பேசும் பகுதி என்பதால் 2005 முதல் சட்டப்படி ஐரிஷ் பெயர் மட்டும்தான். உங்கள் வரைபடத்தில் ஆங்கிலப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். இரண்டு பெயரும் போட்டதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் பிள்ளையை.