ஆய்வேடு எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? முனைவர் பட்ட மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

அறிவியல் துறைகளில் ஆய்வேடு எழுத உட்கார்ந்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்களுக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் துறையின் விதிமுறைக் கையேட்டை இன்றே எடுத்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள். சீனியர் சொன்னதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவர் சேர்ந்த வருடத்து விதி வேறாக இருந்திருக்கலாம்.

என் ஆய்வேடு 110 பக்கத்தில் முடிந்துவிட்டது. கூட இருப்பவர்கள் எல்லோரும் 200ஐத் தாண்டிவிட்டார்கள். குறைச்சலா?

இல்லை. கணித அறிஞர் ஜான் நாஷ் 1950இல் பிரின்ஸ்டனில் கொடுத்த ஆய்வேடு 28 பக்கம்தான். அதில் இருந்த சமநிலைக் கருத்துதான் 1994இல் அவருக்குப் பொருளாதார நோபலைக் கொண்டுவந்தது. ஆனால் அது கணிதம். நிரூபணம் முடிந்தால் ஏடும் முடிந்தது. சோதனை அறிவியலில் அவ்வளவு சுருக்க முடியாது. உங்கள் ஏட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே சோதனையைச் செய்து பார்க்க முடிய வேண்டும். கரைசலின் செறிவு, வெப்பநிலை, கருவியின் மாடல், மென்பொருளின் பதிப்பு எண் என்று பக்கத்தை நீட்ட வேண்டிய இடம் அதுதான். பாடப்புத்தகத்தில் இருக்கும் அடிப்படைகளை முதல் இயலில் நாற்பது பக்கம் எழுதி வைக்காதீர்கள். தேர்வாளர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்.

மூன்று வருடம் ஒரு வினையூக்கியோடு போராடினேன். எதிர்பார்த்த விளைச்சல் வரவே இல்லை. இதை வைத்து ஆய்வேடு எழுத முடியுமா?

முடியும். உங்கள் மனது எவ்வளவு சோர்ந்திருக்கும் என்று தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1887இல் இயற்பியலாளர் மைக்கல்சனும் வேதியியலாளர் மோர்லியும் ஈதரை, அதாவது ஒளி பரவத் தேவை என்று அன்று நம்பப்பட்ட ஊடகத்தை, தேடினார்கள். ஈதர் இருந்திருந்தால், கருவியைத் திருப்பும்போது அதில் தெரியும் ஒளிப்பட்டைகள் ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர்ந்திருக்க வேண்டும். அவர்கள் கண்டது அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. எவ்வளவு சின்ன நகர்வு வரை தங்கள் கருவி காட்டும் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. 'காணவில்லை' என்ற முடிவுக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

உங்களிடமும் தேர்வாளர் இதைத்தான் கேட்பார். நன்றாக வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வினையூக்கியை அதே குடுவையில், அதே நிலைமைகளில் ஓட்டிப் பார்த்தீர்களா? அதில் விளைச்சல் சரியாக வந்ததா? வந்திருந்தால் உங்கள் 'வரவில்லை' ஒரு முடிவு. வராவிட்டால் முதலில் அமைப்பில் கோளாறு தேடுங்கள்.

ஒரு மாணவியின் லேப் நோட்டை அவரோடு உட்கார்ந்து புரட்டியது நினைவுக்கு வருகிறது. பதினொரு சோதனைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் 'தோல்வி'. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதிப் பார்த்தோம். நான்கில் மட்டும் விளைச்சல் சற்றே கூடுதல். அந்த நான்கு நாளும் கரைப்பான் புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து எடுத்தது. பழைய பாட்டிலில் சேர்ந்த ஈரம்தான் வினையூக்கியைக் கெடுத்திருக்கிறது. அதை முறையாகச் சோதித்து எழுதிய இயல்தான் அவருடைய ஏட்டிலேயே வலுவான இயல். உங்கள் நோட்டையும் அப்படி ஒரு தடவை பாருங்கள்.

வெளியான மூன்று கட்டுரைகளைச் சேர்த்து ஆய்வேடாகக் கொடுக்கலாமா? மூன்றிலும் கூட்டாசிரியர்கள் இருக்கிறார்கள்.

பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. ஸ்வீடனில் அறிவியல் துறைகளில் இதுதான் பரவலான வழக்கம். கட்டுரைகளுக்கு முன்னால் அவற்றை ஒரே இழையில் கோக்கும் நீண்ட முன்னுரை ஒன்று இருக்கும். அந்த முன்னுரையை நீங்கள் தனியாக எழுத வேண்டும், அசட்டையாக விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் உங்கள் பங்கு என்ன என்று வெளிப்படையாக எழுதுங்கள். 'மாதிரிகளைத் தயாரித்ததும் அளவீடும் நான், கணிப்பு மாதிரி இரண்டாம் ஆசிரியருடையது' என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும். கூட்டாசிரியர்களிடம் அதைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பதிப்பகத்தின் காப்புரிமை விதியையும் பாருங்கள்.

சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் (ஏற்கெனவே வெளியான எழுத்தோடு என் ஏடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தரும் அறிக்கையில்) 22 சதவீதம் காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

எண்ணைப் பார்க்காமல் ரிப்போர்ட்டைத் திறந்து நிறம் தீட்டிய வரிகளைப் பாருங்கள். மேற்கோள் பட்டியலும் உங்கள் சொந்தக் கட்டுரைகளும் என்றால் அதை விளக்கி நெறியாளரின் குறிப்போடு கொடுக்கலாம். முன்னாய்வுகள் பற்றிய இயலில் பிறருடைய பத்தி அப்படியே கிடந்தால் 5 சதவீதமே ஆனாலும் தவறுதான். மூலக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, உங்களுக்குப் புரிந்ததை எழுதுங்கள், மூலத்தையும் குறிப்பிடுங்கள்.

என் முடிவு ஏற்கெனவே எல்லோரும் நம்புவதற்கு எதிராக இருக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

வானியலாளர் செசிலியா பேன் 1925இல் எழுதிய ஆய்வேட்டில், நட்சத்திரங்களில் மிக அதிகமாக இருப்பது ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று அவருடைய கணக்கு காட்டியது. பூமியில் இருக்கும் அதே விகிதத்தில்தான் நட்சத்திரங்களிலும் தனிமங்கள் இருக்கும் என்று வானியலாளர்கள் நம்பிய காலம் அது. அத்துறையின் பெரிய அறிஞர் ஹென்றி நாரிஸ் ரசல் அப்படி இருக்கவே முடியாது என்று சொல்ல, அந்த எண்கள் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பேனே தன் ஏட்டில் எழுதினார். 1929இல் ரசல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, பேன் சொன்னதையும் குறிப்பிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் பேன் எண்களை நீக்கவில்லை, அட்டவணையில் அப்படியே விட்டார்.

நீங்களும் எண்களை வையுங்கள். அவற்றோடு, எங்கே தவறியிருக்கலாம் என்று நீங்களே யோசித்த மூன்று நான்கு வழிகளையும், ஒவ்வொன்றையும் எப்படிச் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். என் வைவாவில் புறத்தேர்வாளர் நான்காம் இயலில் ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டி, "இந்தக் கடைசிப் புள்ளிக்கு மட்டும் பிழைப்பட்டை (அளவீடு எவ்வளவு மாறலாம் என்று காட்டும் கோடு) ஏன் இல்லை?" என்று கேட்டார். அந்த அளவீட்டை ஒரே ஒரு முறைதான் எடுத்திருந்தேன், அதை எங்கும் எழுதவில்லை. அப்புறம் அரை மணி நேரம் அந்த ஒரு புள்ளியைப் பற்றியேதான் பேச்சு. ஏட்டைக் கொடுப்பதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு படத்தின் கீழும் எத்தனை முறை அளந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களா என மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.