டீசலுக்கு முதலில் காசு கொடுப்பது யார்?

கேள்வி: புயல் மழை விட்டு நான்கு நாள் ஆகியும் எங்கள் தெருவில் பாதாள சாக்கடை பொங்கிக்கொண்டே இருந்தது. கேட்டால் ‘ஃபண்டு இல்லை’ என்கிறார்கள். நாங்கள் கட்டும் கட்டணமும் அரசு தரும் நிவாரண நிதியும் எங்கேதான் போகின்றன?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: ‘ஃபண்டு இல்லை’ என்று நானும் சொல்லியிருக்கிறேன் அம்மா. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு நகராட்சியில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன். அந்தப் பதில் பாதிதான் உண்மை. பணம் வரும், ஆனால் அன்றைக்குக் கையில் இருக்காது.

நீங்கள் கட்டுவது குடிநீர் வடிகால் நிதி என்ற தனிக் கணக்கில் சேர்கிறது. நீரேற்று நிலையத்தின் கரண்ட் பில், சம்பளம், திட்டத்துக்கு வாங்கிய கடனின் தவணை என்று வந்த வேகத்தில் போய்விடும். புயலடித்து மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்கு டீசல், கழிவுநீர் உறிஞ்ச வாடகை லாரி. இதற்கெல்லாம் பொது நிதியிலிருந்து கைமாற்றுத்தான். அங்கேயும் சொத்து வரி பாக்கி நின்றால், அப்புறம் கடன் சொல்லித்தான் லாரியைக் கூப்பிட வேண்டும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு மாநிலத்துடையது. தேங்கிய வெள்ளத்தை இறைக்கவும் குப்பைகூளம் அள்ளவும் அதில் இடமுண்டு. இற்றுப்போன பழைய குழாயை மாற்ற இடமில்லை. எதுவானாலும் கணக்குக் காட்ட வேண்டும். 2020 நிவர் புயலில் எங்கள் பம்ப் ஆபரேட்டர் கொண்டுவந்த டீசல் கணக்கு, நனைந்து உப்பிய ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஒரு பக்கத்தில் ‘டீசல் 40’ என்று மட்டும் இருந்தது. லிட்டரா ரூபாயா, எத்தனை மணி நேரம் ஓடியது, ஒன்றும் இல்லை. பாவம், மூன்று ராத்திரி தூங்காத மனிதர். கணக்குத் தணிக்கையில், இந்தச் செலவை ஏற்க முடியாது என்று தடை விழுந்தது. லாரிக்காரருக்குப் பணம் போய்ச்சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அடுத்த மழைக்குக் கூப்பிட்டபோது அவர் போனை எடுக்கவில்லை. உங்கள் நான்கு நாளும் இப்படி ஏதாவது ஒன்றில் போயிருக்கலாம்.

அமெரிக்காவிலும் கதை இதுதான். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 சதவீதம் மூழ்கியது. அங்கே சாக்கடையையும் குடிநீரையும் பார்க்கும் வாரியம் கட்டணத்தை நம்பி நடப்பது. ஊரே காலியானால் யாருக்கு பில் போடுவது? 2000-இல் 4.84 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-இல் 3.43 லட்சம். ஆள் குறைந்தார்கள் என்பதற்காகப் பூமிக்குள் கிடக்கும் குழாயின் நீளம் குறையுமா? அந்நாட்டு மத்திய அரசின் பேரிடர் உதவியும் பெரும்பாலும் செலவு செய்துவிட்டு ரசீது காட்டித் திரும்ப வாங்குவதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பாதாள சாக்கடை கழிவுநீருக்கு மட்டும் போட்ட குழாய். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் நம் ஆட்கள் கடப்பாரையோடு போய் மூடியை நெம்பிவிடுகிறார்கள். மழைநீரோடு மணலும் பாலிதீனும் உள்ளே இறங்கும். தண்ணீர் போய்விடும், மணல் போகாது. அதை வாரி எடுக்கத்தான் மறுபடியும் வாடகை லாரி, மறுபடியும் பில். உங்கள் தெருவில் இந்த முறை மூடியைத் திறந்தது யார் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்களேன்.