ஒரு சொம்பு தண்ணீர்

அன்புள்ள ஐயா,

நானும் என் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். இருவருக்குமே சிறுநீரகம் பழுதாகி, 4 ஆண்டுகள் ஒரே டயாலிசிஸ் மையத்தில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடந்தோம். 8 மாதங்களுக்கு முன் என் அக்கா சிறுநீரகம் கொடுத்து நான் வெளியே வந்துவிட்டேன். அவன் இன்னும் அங்கேதான். இதற்கிடையில் அவன் மனைவியும் இறந்துவிட்டார். துக்கத்துக்குப் போய்வந்ததோடு சரி, அப்புறம் அவனைப் பார்க்கவில்லை. நான் நன்றாக இருப்பதே அவனுக்கு வலிக்குமோ என்று தோன்றுகிறது. தொற்று பயமும் உண்டு. என்ன ஆறுதல் சொல்வது? நட்பைப் பற்றி நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

புத்தகத்தை இன்னொரு நாள் பார்க்கலாம். தொற்று பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் போனில் கிருமி வராது. அதையும் நீங்கள் செய்யவில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் நண்பனை நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரத்தோடு அவன் போய் ஓராண்டு. நாங்களும் உங்களைப் போலத்தான், வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், ஒரே ஷிஃப்ட். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவனுக்குத்தான் முதலில் கையில் ஃபிஸ்டுலா போட்டார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த அந்த இடத்தில் விரல் வைத்தால், தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி உள்ளே அதிரும். அதிர்வு நின்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், அதனால் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்குப் போட்டபோது தொடவே பயந்தேன். அவன்தான் என் விரலைப் பிடித்து முதலில் தன் கையில் வைத்தான், பிறகு என் கையில்.

அப்புறம் என் அம்மா எனக்குச் சிறுநீரகம் கொடுத்தார். அவனுக்குக் கொடுக்க வீட்டில் பொருத்தமானவர் யாருமில்லை. நீங்கள் செய்வதையே நானும் செய்தேன், 3 மாதம் அவன் பக்கமே போகவில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஊசியைவிடக் கொடியது தாகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர் நின்றுபோனவன், மாத்திரை விழுங்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்த்து வாழ வேண்டும். கடைசியில் ஒரு நாள் போய் நின்றபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "ஒரு சொம்பு தண்ணிய நிறுத்தாம குடிச்சா எப்படிடா இருக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்லடா" என்றேன்.

அவனுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "என்கிட்ட ஏன்டா ஒளிக்கிற? நான் என்ன உன் வாசல்ல நிக்கிற பிச்சைக்காரனா?"

நீங்கள் செய்வதும் அதுதான். அதைக் கருணை என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சுகத்தைப் பார்த்தால் அவர் வயிறெரிவார் என்று, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். சரி, எரியட்டுமே. பொறாமை வந்தால் அதை உங்களிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவார்? மனைவியும் இல்லை. ஏற்கெனவே ஒருவரை இழந்து உட்கார்ந்திருப்பவரிடமிருந்து, உயிரோடு இருக்கிற இன்னொருவரையும் நீங்கள் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும், பாதி என்மேல் வருகிற கோபம்.

அன்று அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அறுவை முடிந்து கண் விழித்தபோது பையில் சிறுநீர் நிரம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் அழுதது, முதல் முழுச் சொம்பு, தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கும் குளிர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு, தானே குடிப்பவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு எப்போது போனாலும், "இன்னைக்கு எவ்வளவு குடிச்ச?" என்றுதான் ஆரம்பிப்பான்.

சில ஆண்டுகள் கழித்து அம்மா இறந்தார். வந்தவர்கள் ஏதேதோ சொன்னார்கள். அவன் டயாலிசிஸ் முடித்துக் கையில் பஞ்சுக் கட்டோடு நேரே வந்தான். ஒன்றும் பேசவில்லை. கொடுத்த சிறுநீரகத்தை அடிவயிற்றில்தானே வைக்கிறார்கள், என் சட்டைக்கு மேலாக அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

என்ன ஆறுதல் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நண்பருக்கு எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும், முடிந்ததும் எந்தக் காலில் தசை பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போய் வாசலில் நில்லுங்கள். வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஊசி குத்திய கையை அல்ல, மற்றதை.